தனி மியூசிக் பிளேயர்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

கையில் இருக்கும் ஃபோனிலேயே பாட்டு கேட்க முடியும்போது, பாட்டுக்கென்று இன்னொரு கருவி எதற்கு? தனி மியூசிக் பிளேயர் பற்றிப் பேச்செடுத்ததும் வருகிற முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பெரும்பாலானவர்களுக்கு ஃபோனே போதும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் போதாதவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய ஒலித்தரத்தையும் விலையையும் முதலில் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்களிடம் சொந்தமாகப் பாட்டுக் கோப்புகள் இருக்கின்றனவா, இல்லையென்றால் இனிமேலாவது சேர்க்கப் போகிறீர்களா என்பதைப் பாருங்கள். இந்தக் கருவியின் நன்மையும் தொல்லையும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

மெமரியில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. ஒரு சிப் அந்தக் கோப்பைப் படித்து விரிக்கிறது. 'டாக்' என்று சொல்லப்படும் பகுதி அந்த எண்களை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் பலம் கிடையாது என்பதால், ஆம்ப்ளிஃபையர் அதற்கு வலுவூட்டி வெளியே அனுப்புகிறது. அவ்வளவுதான் வேலை. இதே பாகங்கள் உங்கள் ஃபோனிலும் உண்டு. ஹெட்போன் துளை இல்லாத ஃபோன் என்றால், டாக்கும் ஆம்ப்ளிஃபையரும் பெரும்பாலும் யூஎஸ்பி-சி அடாப்டருக்குள் இருக்கும். புளூடூத் இயர்போன் என்றால் அந்த இயர்போனுக்குள்ளேயே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்த வகைக் கருவியின் கதை ஒரு வசதியை நீக்கியதில் தொடங்குகிறது. 1979 ஜூலையில் சோனி ஜப்பானில் வெளியிட்ட முதல் வாக்மேன், செய்தியாளர்கள் பயன்படுத்திய சிறிய டேப் ரெக்கார்டரிலிருந்து உருவானது. பதிவு செய்யும் வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஒலியையும் எடை குறைந்த ஹெட்போனையும் சேர்த்தார்கள். பதிவே செய்யாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் அப்போது பலமாகவே இருந்தது. ஆனால் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். இருவர் சேர்ந்து கேட்கட்டும் என்று அதில் இரண்டு ஹெட்போன் துளைகள் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1984இல் கையடக்க சிடி பிளேயர் வந்தது. 1998இல் கொரிய நிறுவனமான சேஹான் கொண்டுவந்த எம்பிமேன், எம்பி3 பிளேயர்களில் முன்னோடி. அதன் கொள்ளளவு 32 மெகாபைட், அதாவது சுமாரான தரத்தில் எட்டுப் பாட்டு. மூன்றே ஆண்டில், 2001 அக்டோபரில், ஆப்பிளின் ஐபாட் 5 ஜிபி வட்டோடு வந்து ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் போட்டது. அப்புறம் ஃபோன்கள் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டன. 2022 மே மாதம் ஐபாட் வரிசையில் மிச்சமிருந்த கடைசிக் கருவியையும் ஆப்பிள் நிறுத்தியது.

இன்றைக்கு விற்பனையில் இருப்பவற்றை மூன்று விதமாகப் பார்க்கலாம். சட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகள் ஒரு விதம். ஓடும்போதும் உடற்பயிற்சி செய்யும்போதும் பயன்படுபவை, விலை குறைவு. சொந்த மென்பொருளில் இயங்கி, மெமரி கார்டிலிருந்து பாடும் நடுத்தரக் கருவிகள் இன்னொரு விதம். மூன்றாவது, ஆண்ட்ராய்டில் இயங்கும் பெரிய திரைக் கருவிகள். ஃபியோ, ஹைபி, ஆஸ்டல் அண்ட் கெர்ன், சோனி போன்ற நிறுவனங்கள் பிந்தைய இரண்டு விதங்களிலும் இருக்கின்றன. விலையோ மூன்றுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒலி உண்மையிலேயே மேலானதா?

விளம்பரங்கள் இதைத்தான் முதலில் சொல்கின்றன. பாதி உண்மை.

சாதாரண இயர்போன்களின் மின்தடை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். இவற்றை ஓட்டுவது எந்தக் கருவிக்கும் பெரிய சிரமம் இல்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட ஃபோனோ நல்ல அடாப்டரோ இருந்தால், தனி பிளேயருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பலரால் காதால் கண்டுபிடிக்க முடியாது. 250, 300 ஓம் கொண்ட பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. ஃபோனில் மாட்டினால் ஒலியளவை முழுக்க ஏற்றியும் சத்தம் போதாமல் சோகையாக இருக்கும். அங்கே வலுவான ஆம்ப்ளிஃபையர் உள்ள பிளேயர் நிஜமாகவே மாற்றம் தரும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. காதுக்குள் ஆழமாகப் பொருந்தும் சில இயர்போன்கள் மிகவும் நுண்ணுணர்வு கொண்டவை. வலுவான பிளேயரில் அவற்றை மாட்டினால், பாட்டு இல்லாத இடங்களில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். பிளேயருக்கும் வெளியீட்டு மின்தடை என்று ஒன்று உண்டு. அது இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குக் கீழே. அதைத் தாண்டினால் சில இயர்போன்களில் ஒலியின் தன்மையே மாறிவிடும்; பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகள் கூடும், குறையும். விலை உயர்ந்த கருவி எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது புளூடூத் விஷயம். ஒலிக்காகவே நல்ல பிளேயர் வாங்கி, புளூடூத் இயர்போனில் கேட்பவர்கள் நிறையப் பேர். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: புளூடூத்தில் டாக்கும் ஆம்ப்ளிஃபையரும் இயர்போனுக்குள் இருக்கின்றன. பிளேயருக்குள் எவ்வளவு உயர்ந்த டாக் இருந்தாலும் அது அங்கே சும்மாதான் கிடக்கும். பாட்டும் மறுபடி சுருக்கப்பட்டுத்தான் காற்றில் போகிறது. உயர்தர ஒலிக்கென்றே வந்த எல்டாக் (LDAC) என்ற புளூடூத் முறையில்கூட அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்; சிடியின் ஒலிக்கு 1411 வேண்டும். புளூடூத் ஒலி மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் ஒயர் இல்லாமல்தான் கேட்பேன் என்பவர் ஒலிக்காகத் தனி பிளேயர் வாங்குவதில் பொருள் இல்லை.

அப்புறம் ஹை-ரெஸ் என்ற முத்திரை, அதாவது சிடியை விட நுணுக்கமாகப் பதிந்த ஒலி என்ற அடையாளம். சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது. அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அதனால் திரும்பத் தர முடியும். மனிதக் காதின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், வயது கூடக்கூட அதுவும் இறங்கும். கேட்பதற்கு சிடி தரமே தாராளம் என்று நான் நினைக்கிறேன். கையில் இருக்கும் பணத்தை இயர்போனில் போடுங்கள். காதுக்குத் தெரியும் மாற்றம் அங்கேதான் அதிகம்.

வேறு எதுவும் குறுக்கே வராது

தனி பிளேயரின் பெரிய நன்மையாக நான் சொல்வது இது. ஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு செய்தி வரும், பாட்டு ஒரு கணம் அமுங்கும். செய்தியைப் பார்க்கத் திரையைத் திறந்தால் அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று. பாட்டு பின்னணிக்குப் போய், எது ஓடுகிறது என்பதே மறந்துவிடும். பிளேயரில் அழைப்பு இல்லை, செய்தி இல்லை. ஒரு ஆல்பத்தைப் போட்டால் அது முடியும்வரை ஓடும். நீளமான இசையைப் பொறுமையாகக் கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

பல பிளேயர்களில் நிஜமான பட்டன்கள் இருக்கும். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே அடுத்த பாட்டுக்குப் போகலாம். ஃபோன் பேட்டரியும் தீராது. சிக்னல் இல்லாத இடத்திலும் பாடும். குழந்தைக்குப் பாட்டும் கதையும் கேட்கக் கொடுக்க வேண்டும், இணையத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு, ஆண்ட்ராய்டு இல்லாத எளிய பிளேயரை விடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

கோப்புகள்: வரமும் வேலையும்

ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோட்' செய்த பாட்டு உங்களுடையது அல்ல. அது பூட்டப்பட்ட கோப்பு, அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும். ஸ்பாட்டிஃபை 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைந்து சந்தாவைச் சரிபார்க்கச் சொல்கிறது. சந்தா நின்றால் டவுன்லோடும் போச்சு. பாட்டின் உரிமை வேறு கைக்கு மாறினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ, நேற்று இருந்த ஆல்பம் இன்று பட்டியலில் இருக்காது. அந்தக் கோப்புகளை எடுத்து தனி பிளேயரில் போடவும் முடியாது. புதிதாக பிளேயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: கருவி வந்துவிட்டது, அதில் போடப் பாட்டு இல்லை.

சொந்தக் கோப்புக்கு இரண்டு நேர்வழிகள் உண்டு. சிடி இருந்தால் கணினியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பேண்ட்கேம்ப் போன்ற இணையதளங்களில் ஆல்பத்தை விலைக்கு வாங்கி டவுன்லோட் செய்யலாம். அப்படி வாங்கிய கோப்பில் பூட்டு இல்லை. நாளைக்கு பிளேயர் உடைந்தாலும் வேறொன்றில் போட்டுக் கேட்கலாம். பிடித்த இசையை இப்படிக் கைவசம் வைத்துக்கொள்வது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், பிளேயர் வாங்காவிட்டாலும்கூட.

கோப்பின் வகையை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். எம்பி3, காதுக்கு எளிதில் பிடிபடாத விவரங்களைக் கழித்துவிட்டுக் கோப்பைச் சுருக்குகிறது. கழித்தது திரும்ப வராது. ஃப்ளாக் எதையும் கழிக்காமல் சுருக்குகிறது, விரித்தால் சிடியில் இருந்தது அப்படியே கிடைக்கும். நான்கு நிமிடப் பாட்டைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 42 மெகாபைட் ஆகும். ஃப்ளாக்கில் ஏறத்தாழ 25, உச்சத் தரமான 320 கிலோபிட் எம்பி3யில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. 256 ஜிபி கார்டில் ஃப்ளாக் பாட்டுகள் பத்தாயிரம் பிடிக்கும். இடம் இப்போது பிரச்சினையே இல்லை. அதனால் கணினியில் ஃப்ளாக்கில் சேமியுங்கள். தேவைப்படும்போது அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, ஒலி ஒரு துளியும் கூடாது.

வேலை எங்கே வருகிறது என்றால், ஒழுங்குபடுத்துவதில். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், வரிசை எண் என்று 'டேக்' எனப்படும் குறிப்புகள் இருக்கின்றன. பிளேயர் அந்த டேக்குகளைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறது. ஒரே பாடகரின் பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தால், பிளேயர் அவரை மூன்று பேராகக் காட்டும். டேக்கைப் பார்க்காத எளிய கருவிகள் கோப்பின் பெயரை வைத்து வரிசைப்படுத்தும். அங்கே 1, 2, 3 என்று எண் கொடுத்தால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 01, 02 என்று ஆரம்பிக்க வேண்டும். தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. சில பிளேயர்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும், சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒரு தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் போட்டுப் பாருங்கள்.

இந்த வேலையை ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு அலமாரியில் புத்தகத்தை அடுக்குவதுபோல, அடுக்கும்போதே மறந்துபோன ஒன்று கையில் அகப்படும். ரசிக்காதவர்களுக்கு இது முழுத் தொல்லை. அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு நல்ல பிளேயர் வாங்கினாலும் ஓரிரு மாதத்தில் ஃபோனுக்கே திரும்பிவிடுவார்கள்.

சேர்த்ததற்கு ஒரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

மற்ற குறைகள்

தூக்கிக்கொண்டு போக இன்னொரு பொருள், சார்ஜ் போட இன்னொரு பொருள். சின்னக் குறையாகத் தெரியும், ஆனால் பல பிளேயர்கள் இழுப்பறைக்குள் போய்ச் சேர்வதற்குக் காரணம் இதுதான். இழுப்பறையில் கிடந்தால் பேட்டரியும் கெடும். லித்தியம் பேட்டரி முழுக்கக் காலியாகி மாதக்கணக்கில் கிடப்பது அதற்கு ஆகாது. எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். தினமும் பயன்படுத்தினாலும் சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியபின் அதன் கொள்ளளவு குறையும். பல கருவிகளில் பேட்டரியைச் சுலபமாக மாற்றவும் முடியாது.

ஆண்ட்ராய்டு பிளேயரில் ஸ்ட்ரீமிங் ஆப்பும் போடலாம், கோப்பும் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் இவற்றுக்கு ஃபோன் அளவுக்கு மென்பொருள் அப்டேட் வருவதில்லை. ஆண்ட்ராய்டு பழையதாகிவிட்டால் ஆப்கள் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். ஒலிப்பாகம் நன்றாக இருக்கும்போதே கருவி பாதிக்குப் பாதி பயனற்றுப் போகும். மேலும், ஆண்ட்ராய்டு வந்தால் அறிவிப்புகளும் கூடவே வரும். கவனம் சிதறக் கூடாது என்று வாங்குகிறவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

புதிய இசையைத் தேடிக் கண்டுபிடிக்கவும் பிளேயர் உதவாது. நீங்கள் போட்டது மட்டும்தான் அதற்குத் தெரியும். இதற்கு ஸ்ட்ரீமிங்கை வைத்துக்கொண்டு, பிடித்துப்போனதை மட்டும் வாங்கி பிளேயரில் சேர்ப்பது பலருக்கு ஒத்துவரும் வழி.

காது

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதுக்குப் போகும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. எனவே நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் வெறும் 5 மணி. உள்காதின் மயிர்ச்செல்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இப்போதைய ஃபோன்கள் பலவற்றில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறீர்கள் என்று கணக்கு வைத்து எச்சரிக்கும் வசதி இருக்கிறது. தனி பிளேயர்களில் அது அரிது, ஆம்ப்ளிஃபையரோ ஃபோனை விட வலுவானது. பாட்டைப் போடுமுன் ஒலியளவைக் குறைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அமைப்புகளில் அதிகபட்ச ஒலியளவைக் கட்டுப்படுத்த இடம் இருந்தால் அதை முதல் நாளே அமைத்துவிடுங்கள். பேருந்து, ரயில் போன்ற இரைச்சலான இடங்களில்தான் நாம் அறியாமல் சத்தத்தைக் கூட்டுகிறோம். காதை நன்றாக அடைத்துக்கொள்ளும் இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ஆனால் சாலையில் நடக்கும்போது அதைப் போட வேண்டாம்.

வாங்குவதென்றால்

மெமரி கார்டு துளை இருக்கிறதா, எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பாருங்கள். சில எளிய கருவிகள் 32 ஜிபியைத் தாண்டாது. ஃப்ளாக் பாடுமா, இடைவெளி விழாமல் அடுத்த பாட்டுக்குப் போகுமா என்றும் கேளுங்கள். கச்சேரிப் பதிவுகளில் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கைதட்டலோடு தொடர்ந்து போகும் இடத்தில், அரை நொடி மௌனம் விழுந்தால்கூட எரிச்சலாக இருக்கும். சார்ஜ் துளை யூஎஸ்பி-சியாக இருந்தால் தனி ஒயர் தேட வேண்டாம். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை (இடது, வலது காதுக்குத் தனித்தனி மின்வழி தரும் ஹெட்போன் துளை) இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அதற்கேற்ற ஒயருள்ள, பலம் தேவைப்படும் ஹெட்போன் இருந்தால்தான் அது பயன்படும். மெமரி கார்டில் போலிகள் அதிகம். 256 என்று அச்சடித்து உள்ளே 16 மட்டும் இருக்கும். புதுக் கார்டை முழுக்க நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தயக்கமாக இருந்தால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோன் ஒன்றை எடுங்கள். சிம்மைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்து, விமானப் பயன்முறையில் போட்டு, விஎல்சி போன்ற இலவச பிளேயர் ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கோப்புகளாகப் பத்து ஆல்பம் ஏற்றி, ஒரு மாதம் அதில் மட்டும் பாட்டு கேளுங்கள். அந்த மாதத்தில் பதினோராவது ஆல்பத்தைத் தேடி நீங்களாகவே கணினி முன் உட்கார்ந்தால், தனி பிளேயர் உங்களுக்குப் பயன்படும். பழைய ஃபோனை மேசையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பும் நாட்கள் அதிகமானால், அந்தப் பணத்தில் நல்ல இயர்போன் ஒன்றை வாங்கி இப்போதைய ஃபோனிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.